அர்த்தநாரி பூசணிப்பூவைப் படம்பிடிக்கப் புறப்பட்ட படலம்

வாழ்க அர்த்தநாரி! புதுச்சத்திரத்துக் கடைவீதியில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் பெருந்தகை. ஐம்பத்தாறு அகவை கண்டும் முழங்கால் வலிக்கு முதுகு காட்டாதவன். சாக்கை மடித்து மண்டியிட்டால் கட்டெறும்பு கடித்தாலும் எழாத ஏந்தல். கைபேசியின் நெற்றியில் விரல்நுனி அளவே ஆன மேக்ரோ லென்ஸைக் கவ்வவிட்டு, கடுகளவைக் கதவளவாய்க் காட்டவல்ல கண்ணாளன். கலைமகளே, அவன் ஓராண்டுச் சமரைப் பிழையறச் சொல்ல என் நாவில் வந்து அமர்ந்தருள்க. தோட்டத்தில் கொசு அதிகம், பொறுத்தருள்க.

சமருக்கு வித்திட்டது ஓர் அறிவிப்பு. நாமக்கல்லில் உள்ள ஒளிப்பட ஆர்வலர் சிலர் கூடி, ‘ஒரு தோட்டம், நான்கு பருவம்’ என்று போட்டி வைத்தனர். கோடை, காற்று, மழை, பனி எனப் பருவத்துக்கொன்றாய் நான்கு நெருக்கப் படங்கள் வேண்டும். போகியன்று நண்பகல் கெடு. நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் செல்லா. தேர்ந்தவை ஒரு மண்டபத்துச் சுவரில் எடுத்தவர் பெயரோடு தொங்கும். முப்பது ஆண்டுகளாகத் தன் பெயரைக் கடைப்பலகையில் மட்டுமே கண்டவன், வேறொரு சுவரிலும் அதைக் காண ஆசைப்பட்டான். ரொம்பவே ஆசைப்பட்டான்.

சித்திரையில், வெயில் பிடரியைப் பொரிக்க, தாழ்ந்த கிளையின் வேப்பம்பூவைச் சிறைப்பிடித்தான். ஆடியில், பாகற்கொடியின் சுருள்நுனி காற்றிலே தலைவிரித்தாட, மூச்சடக்கி நின்று, இருநூற்றுப் பதினொரு படங்களைக் களப்பலி கொடுத்து அடுத்ததில் வென்றான். ஐப்பசியில், சேம்பிலைமேல் உருண்ட மழைத்துளி ஒன்றினுள் தன் வீடும், மொட்டை மாடியும், மாடியில் எடுக்க மறந்த லுங்கியும் தலைகீழாய்த் தெரியக் கண்டு, குடைபிடிக்க ஆளின்றி நனைந்து நின்று எடுத்து, மூன்றுநாள் காய்ச்சலை விழுப்புண்ணாகப் பெற்றான். லுங்கியைக் கடைசிவரை எடுக்கவில்லை.

எஞ்சியது பனி. மார்கழி விடியலில், பனி துளித்த பூசணிப்பூவின் பொற்கிண்ணத்துள் மகரந்தம் அப்பிய தேனீ இறங்கும் கணமே அவன் குறித்த இலக்கு. எதிர்நின்றவளோ இல்லத்தரசி வசந்தாமணி. இருள் பிரியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, தெருவடைத்த கோலமிட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ செருகுவதை இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒருநாளும் தவறாத மார்கழி நோன்பினள். தேனீ துயிலெழுமுன்னரே கொடியின் பூக்கள் யாவும் வாசலுக்குப் போயின. மாதத்தின் பாதியில் தலைவன் தூது போனான், தூதனும் அவனே.

“ஒரே ஒரு பூவ உட்டு வெய்யி, வசந்தா.”

“வாசல்ல பூவில்லாம எப்படிங்க? கோலத்துல இருக்கறதயே படம் புடிச்சுக்கங்க.”

அதையும் எடுத்துப் பார்த்தான். சாணத்தில் இருந்த பூவுக்கு ஈதான் வந்தது.

போகிக்கு முந்தின மாலை, கொடியிலே ஒரே ஒரு மொட்டு மிஞ்சியது. அப்போதுதான் அந்த வியூகம் உதித்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கும் வாழைத்தாருக்கும் மஞ்சள் துணி கட்டுவது அவ்வீட்டு வழக்கம். கட்டியதை வீட்டுக் காரியத்துக்கு வசந்தாமணி தொடவே மாட்டாள். “நாளை எந்தக் கோலமும் இம்மலரைக் கொள்ளாது; இது என் லென்ஸுக்கே உரியது” என்று மனத்துள் வஞ்சினம் முழங்கி, மொட்டின் காம்பில் மஞ்சள் துணியைக் கட்டினான். பொய் வேண்டுதல் சற்றே உறுத்தியது. குலசாமியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு, அந்த மாதத்திலேயே முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினான்.

கீழ்வானம் சிவந்தது. இடக்கையில் முக்காலி, வலக்கையில் கைபேசி, அக்குளில் சாக்கு, ஒளியைத் திருப்பத் தெர்மாகோல் அட்டையே கேடயமென, பல்லும் துலக்காது களம் புகுந்தான் அர்த்தநாரி. பனி இருந்தது. பொன்வெயில் இருந்தது. சொல்லிவைத்தாற்போல் தேனீயும் வந்து சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் வெறுங்காம்பு மட்டும் நின்றது.

வாசலுக்கு ஓடினான். கோலத்தின் நடுவே சாணத்தில் அருகம்புல்தான் இருந்தது. அந்நேரம் தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலோடு, கையில் பூசைத்தட்டோடு தெருமுனையிலிருந்து வந்தாள் வசந்தாமணி. அவள் முகத்தில் அவன் கண்டறியாத ஒரு பூரிப்பு.

“கோயலுக்கே வராத மனுசன் நீங்க, மஞ்சத்துணி கட்டி நேந்திருக்கறீங்க. வாடறதுக்குள்ள சாமி பாதத்துல சேர்க்கோணுமில்லீங்களா? அதான் மொத பூசைக்கே கொண்டுபோய் வெச்சுட்டு வாரேன். என்ன வேண்டுதல்னு எனக்குத் தெரியாதுங்க. எதுவா இருந்தாலும் பலிக்கோணும்னு நானும் கும்புட்டுக்கிட்டேன்.”

தட்டை நீட்டினாள்.

அர்த்தநாரி திருநீறு பூசிக்கொண்டு பல் துலக்கப் போனார்.