மேற்படிப் பகுதியின் சராசரி

உலகம் தோன்றிய நாளிலிருந்து யாராலும் சரிசெய்ய முடியாத ஒரு பெரும் ஒழுங்கீனத்தை, டெல்லி ஐ.டி.ஓ. பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில், பதினோரு ஆண்கள் கூடி, நான்கே மாதத்தில் சரிசெய்தார்கள். பெண்களின் மார்பு ஆளுக்கு ஒரு விதமாக இருக்கிறது என்பதுதான் அந்த ஒழுங்கீனம். இவ்வளவு காலம் இப்படி அலட்சியமாக நடந்துகொண்ட இயற்கையின் மேல் நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமில்லை. அதனால் சாந்தகுமாரியின் மேல் எடுத்தார்கள்.

சாந்தகுமாரி அந்த அலுவலகத்தின் வாசலில் பதினோரு வருடமாகக் காவல் நிற்பவள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வாசலில் திரை போட்ட ஒரு தடுப்பு உண்டு. வருகிற பெண்களை அதற்குள் கூப்பிட்டு, கைகளை விரிக்கச் சொல்லி, தடவிச் சோதித்து, "ஜாவோ" என்று அனுப்புவாள். நாளொன்றுக்கு இருநூறு பேர். பெண்ணுடம்பு எத்தனை விதம் என்று அந்தக் கட்டடத்தில் யாராவது அறிந்திருந்தால் அது அவள் ஒருத்திதான். ஆகவே அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அலுவலகத்தின் பெயர் அகில பாரத அளவுச் சீர்மை மையம். தேசத்தில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வது அதன் கடமை. அங்கே காவலர்களுக்குக் கத்திக்குத்துத் தாங்கும் கெட்டியான மேலங்கி தருவதென்று முடிவானது. ஆண் காவலர்களுக்குச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. பெண் காவலர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களுக்கான அங்கி முன்பக்கம் குழித்து வார்க்கப்பட வேண்டியது. எவ்வளவு குழிப்பது என்று பேச அதிகாரிகளுக்குக் கூச்சமாக இருந்தது. எனவே லாஜ்பத் நகர் துணிக்கடை ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வாங்கிவந்து, 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி' என்று அரக்கு முத்திரை குத்தி, பீரோவில் பூட்டி, அதன் அளவுக்கே நாற்பத்து மூன்று அங்கிகளையும் வார்த்துவிட்டார்கள்.

அங்கி வந்த அன்று ஆராயிக்கு மூச்சு முட்டியது. ஆராயி, குழந்தை பெற்று ஐந்து மாதத்தில் வேலைக்குத் திரும்பியிருந்த இளைய காவலாளி. சாந்தகுமாரிக்கோ அங்கி உடம்பைத் தொடாமல் தகர டப்பா மாதிரி எட்டி நின்றது. குனிந்தால் கழுத்தில் இடித்தது. கூடவே ஓர் ஆணையும் வந்திருந்தது: அங்கி பொருந்தாத காவலர், அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பப்படுவார். ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. சாந்தகுமாரியின் மகள் கனிமொழி ஜனக்புரியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

இணை இயக்குநர் சிவஞானம் அவளை மேலே கூப்பிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர், லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பில் முப்பது வருட வாசம், பணி ஓய்வுக்குப் பதினோரு மாதம். பச்சை மையில் கையெழுத்திடுவார்.

"ஏம்மா, அங்கி ஏன் ஒனக்குப் பொருந்த மாட்டேங்கு?"

"அது வேற ஆளுக்குத் தச்சது சார்."

"யாருக்கு?"

"பொம்மைக்கு."

"பொம்மை அங்கீகாரம் வாங்குன மாதிரிம்மா. முத்திரை குத்தி பீரோவுல இருக்கு. ஒனக்கு எங்க முத்திரை?"

சாந்தகுமாரியிடம் முத்திரை இல்லை. மற்ற நாற்பத்து இரண்டு பேரிடமும் இல்லை. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஒரு மாதிரியிலிருந்து விலகுவதை சிவஞானம் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆணையை நிறுத்திவைத்து, குழு அமைத்தார்.

குழுவில் பதினோரு ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று குறிப்பெழுதப்பட்டிருந்தது. முதல் கூட்டத்திலேயே மகத்தான சாதனை ஒன்று நிகழ்ந்தது. 'மார்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே இரண்டரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசி முடித்தார்கள். கோப்பில் அதன் பெயர் 'மேற்படிப் பகுதி'.

இரண்டாவது கூட்டத்துக்கு மருத்துவர் அபிராமி வந்தார். துவாரகாவிலிருந்து வாரம் இரண்டு நாள் அந்த அலுவலகத்துக்கு வருபவர். விளக்கம் ஏதாவது செய்து காட்ட வேண்டியிருந்தால் உதவும் என்று சாந்தகுமாரியும் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தாள்.

"மார்பு ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. அதுதான் இயல்பு" என்று அபிராமி தொடங்கினார்.

யாரோ தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே யமுனையைத் தேடினார்கள்.

"எதனால மேடம் இப்படி?" என்றார் மல்ஹோத்ரா, கொள்முதல் பிரிவின் துணைச் செயலர். விசாரணை நடத்த வந்தவரின் தொனி.

"முதல்ல பரம்பரை. அம்மா வழியும் அப்பா வழியும்."

"அச்சா. அப்போ பெற்றோரின் அளவுச் சான்றிதழை அட்டெஸ்ட் பண்ணி வாங்கிடலாம்."

"வயசாக ஆகத் திசு தளரும். எடை ஏறினாலும் இறங்கினாலும் மாறும். கர்ப்பத்துல மாறும். மாசத்துல சில நாள் வீங்கும், அப்புறம் வடியும்."

"மாதாமாதமா?" மல்ஹோத்ரா பேனாவை மேசைமேல் போட்டார். "ஒரு நிதியாண்டுக்குப் பன்னிரண்டு முறை விலகல்? முன் அனுமதி இல்லாமலா?"

"இடதும் வலதும்கூடச் சரிசமமா இருக்காது சார். நிறையப் பேருக்கு ஒண்ணு கொஞ்சம் பெருசுதான்."

இதைக் கேட்டு சிவஞானமே அதிர்ந்துபோனார். "ஒரே ஆளுக்குள்ளயே ஒத்துமை இல்லைன்னா எப்படிம்மா?"

சுவரோரமிருந்து சாந்தகுமாரி வாய் திறந்தாள். "சார், பதினோரு வருசமா தினம் எரநூறு பேரத் தொட்டு அனுப்பறன். ரெண்டு பேரு ஒரே மாதிரி பாத்ததில்ல. யாரும் கொறையோடவும் வரல. அவங்கவங்களுக்கு அவங்கவங்களோடது."

"நீ செய்முறைக்கு வந்தவ. கருத்துச் சொல்ல வரல" என்றார் சிவஞானம் கனிவாக.

அபிராமி கடைசியாக ஒன்று சொன்னார். வடிவம் எப்படி இருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழக்கமாக இருப்பது திடீரென்று மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை எல்லாப் பெண் ஊழியர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். கூட்டக் குறிப்பில் இந்தப் பகுதி, 'நிகழ்ச்சி நிரலுக்கு அப்பாற்பட்டது' என்று நீக்கப்பட்டது. சமோசா ஆறியிருந்தது என்பது மட்டும் இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஞானம் பிறந்தது. இத்தனை விதங்கள் இருப்பதுதான் சிக்கல் என்றால், எல்லாவற்றையும் கூட்டி நாற்பத்து மூன்றால் வகுத்துவிட்டால் ஒன்றுதானே மிஞ்சும்? சராசரி! மல்ஹோத்ரா எழுந்து நின்று கைதட்டினார். மூன்று அளவில் செய்து தரலாமே, ஆண்களுக்கு அப்படித்தானே செய்தோம் என்று ஓர் இளநிலை அதிகாரி கேட்டார். ஆண்கள் இயல்பாகவே மூன்று வகை என்று அவருக்கு விளக்கப்பட்டது.

அளவெடுக்கும் பொறுப்பு சாந்தகுமாரிக்கு வந்தது. வேறு யாரும் அளக்க முடியாதே. இருபத்தேழு கட்டங்கள் கொண்ட படிவம், ஒரு டேப், காலி ஸ்டோர் ரூம். அவள் ஒழுங்காகச் செய்தாள். அளவு சரியாக எடுத்தால் அங்கி சரியாக வரும், அங்கி சரியாக வந்தால் வேலை போகாது என்று நம்பினாள்.

ஆராயி காலையில் வந்து நின்றபோது ஓர் அளவு. மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தபோது வேறு.

"அக்கா, எதை எழுதப் போற?"

"ரெண்டையும் எழுதறன்டி. பொய் எழுதிட்டு நாளைக்கு நீ மூச்சு முட்டிக் கெடப்பியா?"

"ரெண்டு எழுதுனா ரெண்டு சட்டை குடுப்பாங்களா?"

"ரெண்டு மெமோ குடுப்பாங்க. கைய தூக்கு, ஜல்தி."

படிவங்கள் மேலே போயின. நாற்பது பேருக்கு இடமும் வலமும் வேறு வேறு. மீதி மூன்று பேருக்குச் சமம். அந்த மூன்று பேரையும் உள்நோக்கத்தோடு சமமாக இருக்கிறார்களா என்று மறுபடி அளக்கச் சொன்னார்கள். அளந்ததில் அவர்களுக்கும் வேறுபாடு வந்தது. குழு நிம்மதி அடைந்தது. ஆராயியின் இரண்டு அளவுகளில் எது 'இறுதியானது' என்று கேட்டு ஒரு குறிப்பு வந்தது. இரண்டையும் கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள், குழந்தையும் அப்படித்தான் வளர்கிறது என்று சாந்தகுமாரி சொல்லி அனுப்பினாள். அந்த யோசனையின் முதல் பாதி ஏற்கப்பட்டது.

பிறகு கூட்டினார்கள். வகுத்தார்கள். மேலே கொஞ்சம் 'கண்ணியத்துக்காக' குறைத்தார்கள். இடுப்பில் கொஞ்சம் 'வருங்கால வளர்ச்சிக்காக' கூட்டினார்கள். தோள் அளவு விட்டுப்போயிருந்ததால் ஆண்கள் அங்கியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாலாம் மாதம், சராசரிப் பெண்ணுக்கான நாற்பத்து மூன்று அங்கிகள் லாரியில் வந்து இறங்கின. நிறுத்திவைத்த ஆணையும் உயிர்பெற்று இறங்கியது.

நான்காவது மாடிக் கூடத்தில் பொருத்தப் பரிசோதனை. ஒருவர் பின் ஒருவராக நாற்பத்து மூன்று பெண்களும் தங்கள் உடுப்புக்கு மேலே போட்டுப் பார்த்தார்கள். ஒருத்திக்குப் பொத்தான் எட்டவில்லை. ஒருத்திக்கு இன்னொருத்தியையும் உள்ளே வைக்கலாம் போலிருந்தது. ஆராயி கைகளைக் கீழே இறக்க முடியாமல் பேருந்தை நிறுத்துகிறவள் மாதிரி நின்றாள். சாந்தகுமாரிக்குத் தோள் வழிந்து, இடுப்பு தொங்கி, நெஞ்சு இறுகியது. பொருந்தியவர் எண்ணிக்கை: பூஜ்யம்.

சாந்தகுமாரி நேராக சிவஞானத்திடம் போனாள். "சார், யாரும் யாரோட சராசரியும் இல்ல சார். நான் எடுத்த அளவு ஒவ்வொண்ணும் நெசம். நீங்க கூட்டி வகுத்ததுதான் யாரும் இல்லாத ஆளு. தயவு பண்ணி மூணு நாலு அளவுல குடுங்க. புள்ள இன்னும் ஒரு வருசம் படிக்கணும்."

சிவஞானத்தின் கண்கள் ஒரு கணம் கலங்கின. அதற்குள் மல்ஹோத்ரா குறுக்கே வந்தார்.

"ஸர்ஜி, ஒருத்தருக்காவது பொருந்தியதுன்னு சான்று இல்லைன்னா ஆடிட்ல மாட்டுவோம். உங்களுக்கு ஏழு மாசம்தான் இருக்கு. பென்ஷன் நிக்கும்."

கண்கள் உலர்ந்தன. "ஒருத்தருக்கும் பொருந்தலியே அய்யா. என்ன செய்ய?"

மல்ஹோத்ரா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதியில 'ஒரு நபர்'னுதான் இருக்கு ஸர்ஜி. பெண்ணுன்னு எங்கேயும் இல்ல."

கூடத்தில் புதிய வெளிச்சம் பரவியது. முதலில் மல்ஹோத்ராவே போட்டுப் பார்த்தார். அவர் ஒல்லி. கொடியில் காயப்போட்ட மாதிரி ஆடியது. குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தியாகத்துக்கு முன்வந்து தோற்றார்கள். கடைசியில் சிவஞானம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கைகளை நீட்டினார்.

அங்கி அவர்மேல் போய் உட்கார்ந்தது. தோள் நின்றது. இடுப்பு தழுவியது. முன்பக்கக் குழிவுகள் இரண்டும் ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் நிரம்பின. மேலிருந்து கீழ்வரை ஏழு பொத்தான்களும் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டன. அவரையே நிறுத்தி வைத்து வார்த்தாற்போல் இருந்தது.

பரிசோதனையைப் பார்க்க மருத்துவர் அபிராமியும் வந்திருந்தார்.

"வயசு, எடை, ஹார்மோன். ஆண்களுக்கும் அதே காரணங்கள்தான். பயப்பட ஒண்ணுமில்ல சார்" என்றார் அபிராமி.

குழு கைதட்டியது. 'பொருந்திய நபர்: ஒருவர். அங்கியில் குறையில்லை' என்று சான்று எழுதப்பட்டது. சிவஞானம் அங்கியைக் கழற்றாமலே பச்சை மையில் கையெழுத்திட்டார்.

அங்கியில் குறையில்லை என்று ஆகிவிட்டதால், குறை எங்கோ இருந்தாக வேண்டும். மறுநாள் நாற்பத்து மூன்று பெண்களுக்கும் குறிப்பாணை வந்தது. 'அங்கி பொருந்தக்கூடியதே என்பது மூத்த அதிகாரி ஒருவரால் நேரில் மெய்ப்பிக்கப்பட்டுள்ள நிலையில், தாங்கள் அதற்குப் பொருந்தாமைக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

நாற்பத்து இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். எடை கூட்டுகிறேன் என்றார்கள், குறைக்கிறேன் என்றார்கள். ஆராயி, இரண்டு மாதத்தில் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடுகிறேன் என்று கைநாட்டு வைத்தாள். அவர்களுக்கெல்லாம் ஆறு மாத அவகாசம் கிடைத்தது.

கனிமொழியும் அம்மாவுக்காக இந்தியில் ஒரு மன்னிப்பு எழுதித் தந்தாள். "கையெழுத்து மட்டும் போடும்மா. வேலை போயிடும்."

சாந்தகுமாரி அதைப் படித்துச் சொல்லக் கேட்டாள். 'என் உடலமைப்பில் உள்ள தவறுக்கு வருந்துகிறேன்' என்று இருந்தது. நாற்பத்து மூன்று பேரை அளந்தவள் அவள். இருபத்தேழு கட்டங்களில் எதிலும் தவறு என்று ஒன்றை அவள் எழுதவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில், மகளுக்குச் சரியாகப் படிக்க வராத, மேலே ஒரே ஒருவருக்கு மட்டும் படிக்க வருகிற தமிழில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்:

'ஐயா, அந்தச் சட்டை உங்கள் அளவு. நான் பெண்.'

சிவஞானம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நடுநிலை தவறாமல், பச்சை மையில், கீழே எழுதினார்:

'காரணம் ஏற்கத்தக்கதல்ல. இவரை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பவும். இதே குறை மற்ற நாற்பத்து இரண்டு பேரிடமும் இருக்கிறதா என்று விசாரித்து உடனே அறிக்கை தரவும்.'