நடுவில் வந்த பட்டன்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தைந்து வருஷமாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன், அப்டேட் ஆன கையோடு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை மகள் திரையில் வரும்போது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் கடை மெக்கானிக் அம்மா முன்பு எழுதிக் கொடுத்த தன் நம்பருக்குப் போன் போட்டார். அந்த அம்மா, கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணியில் வந்துவிட்டார். அவருக்கும் நரைத்த தலைதான்.

"முதல்ல சாம்பல் கலர்ல, ஸ்டார்ட்னு பேரோட இருந்துச்சு. அப்புறம் பச்சையாச்சு. அப்புறம் உருண்டையாச்சு, பேரு போச்சு. நடுவுல கொஞ்ச நாள் ஆளையே காணோம். இப்ப இங்க வந்து நிக்குது!" என்று புலம்பினார் பெரியவர்.

"நமக்கும் அப்படித்தானே சார்? பேர் சொல்லிக் கூப்பிடறவங்கதான் முதல்ல போயிடறாங்க."

பட்டன் மூலைக்கு வந்தது. ஆனால் மகளைக் கூப்பிட அழுத்தும் குட்டிப் படம் மாயமாகிவிட்டது. மறுநாள் அந்த அம்மா வந்து அதை வரவழைத்தார். திரையின் கீழே இருந்த பட்டை முழுசும் உச்சிக்கு ஏறிக்கொண்டது. மறுபடி வந்து அதை இறக்கினார். அவர் போனபின் பார்த்தால், திரையே தலைகீழ்!

அன்று ஞாயிறு. பெரியவர் மானிட்டரைக் கேமராவோடு தலைகீழாகத் திருப்பித் தலையணையில் சாய்த்து வைத்தார். மகள் நேராகத் தெரிந்தாள்.

"அப்பா, ஏன் தலைகீழா தொங்கறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேம்மா."

திங்களன்று மெக்கானிக் அம்மா எல்லாவற்றையும் சரிசெய்தார். இரண்டு பேரும் காபி குடித்தார்கள். "இனிமே தொந்தரவே வராது சார்" என்று சொல்லி, மெதுவாகச் செருப்பை மாட்டினார்.

வரவில்லைதான். மூன்று நாள் பெரியவர் குட்டி போட்ட பூனையாய் வீட்டைச் சுற்றி வந்தார். நான்காம் நாள், தானே பட்டனை நடுவுக்குத் தள்ளிவிட்டு போனை எடுத்தார்.

அந்த அம்மா ஓடோடி வந்து, முகம் சுளிக்காமல் சரிசெய்துவிட்டுப் போனார். பெரியவருக்குத்தான் மனசு உறுத்தியது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

"உங்க மெக்கானிக் அம்மா சும்மா சும்மா என் வீட்டுக்கு வர்றாங்கன்னு அவங்களைத் திட்டிடாதீங்க. கடைசித் தடவை அதைக் கலைச்சு விட்டது நான்தான். தப்பு என்மேல."

கடைக்காரர் விழித்தார்.

"அவங்களா? அவங்க வேலையை விட்டு நின்னு ஆறு மாசம் ஆச்சே சார்!"