மேனேஜர் முகத்தில் ஒரு வரி

மேனேஜரின் முகத்தை அவன் மறுபடியும் அமுக்கினான். படத்தின் ஃபைல் அளவு பாதியாகக் குறைந்தது. உள்ளே ஒளிந்திருந்த வரி மட்டும் அசையவில்லை. திரையில் பளிச்சென்று வந்து நின்றது:

‘இந்தத் தூங்குமூஞ்சிக்கு எதுக்கு மீட்டிங்?’

படத்துக்குள் எழுத்தை ஒளித்துவைக்கும் மென்பொருளை எழுதியவனே அவன்தான். ஆபீசில் அவனுக்குப் பெயரே ‘அலைவரிசை’. சோதித்துப் பார்க்க மேனேஜரின் படம் கைக்குக் கிடைத்தது. விளையாட்டாக ஒரு வரியை ஒளித்தான். மூலப் படத்தின் மேலேயே சேமித்தும் தொலைத்தான். இப்போது ஒரு பத்திரிகை முதலாளியம்மாவுக்கு மேனேஜர் அதே படத்தை வைத்துத்தான் மென்பொருளை இயக்கிக் காட்டப் போகிறார். ஒப்பந்தம் கிடைத்தால் பதவி உயர்வு. வரி வெளியே வந்தால் வேலையே காலி.

“மங்கலாக்கிப் பாரேன்டா,” என்றாள் பக்கத்து இருக்கை டிசைனர்.

மங்கலாக்கினான். மேனேஜரின் மூக்கு போயிற்று. தூங்குமூஞ்சி போகவில்லை.

“ஓரத்தை வெட்டு.”

வெட்டினான். காது போயிற்று.

“என்னடா, எண்ணெய்க் கறை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு?”

“புள்ளியில ஒளிச்சிருந்தா போயிருக்கும்க்கா. படத்தை அலை அலையாப் பிரிச்சு, அதுக்குள்ள ஒளிச்சிட்டேன். லேசுல போகாது.”

“ஒரு வேலையையாவது அரைகுறையா செய்யக் கூடாதா நீ?”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “என்னய்யா, படம் ரெடியா? வேற படத்தைப் போட்டுடாதே. அதுலதான் எனக்கு முடி ஜாஸ்தி... ஏய், என் மூக்கு எங்கய்யா?”

“லோடாகிட்டு இருக்கு சார்!”

கடைசியில் மூக்கையும் காதையும் மீட்டு, அதே அலைகளின் மேல் இன்னும் அழுத்தமாக வேறொரு வரியை எழுதினான். மேனேஜரின் நெற்றி லேசாக நெளிந்தது. பரவாயில்லை, பழைய வரி ஒழிந்தது.

முதலாளியம்மா வந்து உட்கார்ந்தார். மேனேஜர் பொத்தானை அழுத்தினார்.

‘எங்கள் மேனேஜர் தங்கமான மனிதர்.’

“பசங்க பாசத்துல எழுதிட்டாங்க மேடம்,” என்று மேனேஜர் நெளிந்தார். அலைவரிசைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. எடுத்த பேனாவை மூடினார்.

“உங்க வெப்சைட்ல இருந்த இதே படத்தை நாங்க அச்சடிச்சு, கசக்கி, ஸ்கேன் பண்ணி, நீங்க குடுத்த மென்பொருள்லயே போட்டுப் பார்த்தோம். அப்பவும் ‘இந்தத் தூங்குமூஞ்சிக்கு எதுக்கு மீட்டிங்’னு கல்லு மாதிரி நின்னுச்சு. அதை நம்பித்தானே சார் கையெழுத்துப் போட வந்தேன்... அதையே அழிச்சிட்டீங்களே!”