வாசனையே இல்லாத வேட்டைக்காரன்

இந்த வருஷம் என் உடம்பில் வாசனை என்று ஒன்று இருக்கவே கூடாது என்று செப்டம்பரிலேயே தீர்மானித்துவிட்டேன். நல்ல வாசனை, கெட்ட வாசனை என்ற பேதமெல்லாம் கிடையாது. எதுவுமே கூடாது. கண்ணாடி டம்ளரில் இருக்கும் தண்ணீரைப்போல மலையில் போய் உட்கார வேண்டும். எல்க் கொம்பன் ஒன்று என் மடியில் வந்து படுத்தாலும் நான் மனிதன் என்று அதற்குத் தெரியக் கூடாது.

காரணம் இருக்கிறது. கொலராடோ மலையில் எங்கள் ஊரில் அக்டோபர் வந்துவிட்டால் மனிதர்கள் இரண்டே ஜாதி. எல்க் சுட்டவர்கள், சுடாதவர்கள். எல்க் சாதாரண மான் இல்லை. குதிரை உயரம் இருக்கும். ஒன்று விழுந்தால் குளிர்காலம் முழுக்க வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை. சுட்டவர் சுடாதவருக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். கொடுப்பவருக்குப் புண்ணியம். வாங்குபவருக்கு மானும் போச்சு, மானமும் போச்சு.

பக்கத்து வீட்டு ஆர்லோ போன வருஷமும் கொடுத்தான். அதற்கு முந்தைய வருஷமும் கொடுத்தான். சும்மா கொடுத்தால் பரவாயில்லை. துக்கம் விசாரிக்க வந்தவன்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கொடுப்பான்.

"வெச்சுக்கோ வெண்டல். எல்க் கறியில பண்ணின சாசேஜ்தான். நடீனாவது நல்லாச் சாப்பிடட்டும், பாவம்."

நடீன் என் மனைவி. அவளும் வெட்கமில்லாமல் சாப்பிட்டாள். "ஆர்லோ வீட்டு சாசேஜே தனி ருசி" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பின்னால் எத்தனை பிள்ளைகள் கத்தினாலும் திரும்பிப் பார்க்காமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன். என்னால் அந்தச் சாய்ந்த தலையை இன்னொரு முறை பார்க்க முடியாது. இந்த வருஷம் என் வீட்டில் என் எல்க். ஆர்லோவுக்குப் பொட்டலம் நான் கொடுக்க வேண்டும். தலையையும் நானே சாய்க்க வேண்டும்.

தோல்விக்கெல்லாம் காரணம் என் வாசனைதான் என்று கண்டுபிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் நடீன் வந்தாள்.

"வெண்டல், சமையலறைக்குப் பெயின்ட் அடிக்கணும். தேங்ஸ்கிவிங் விருந்துக்கு அம்மா வர்றாங்க."

"அடிச்சுட்டாப் போச்சு. நவம்பர்ல."

"நவம்பர்ல மலையிலேர்ந்து வந்து இடுப்பு வலின்னு படுத்துப்ப. இப்பவே அடி. மஞ்சள் வாங்கி வெச்சிருக்கேன்."

"முடியாது நடீன். எல்க்கோட மூக்கு எப்படிப்பட்டதுன்னு தெரியுமா? ஒரு மைல் தள்ளி நிக்கறவன் காலையில என்ன சாப்பிட்டான்னு சொல்லிடும்."

"யார்கிட்ட சொல்லும்?"

"மத்த எல்க்குங்ககிட்ட. பெயின்ட் வாசனை தோல்ல ஏறிடுச்சுன்னா ஒரு மாசத்துக்குப் போகாது."

"சரி, பெயின்ட் வேண்டாம். கோழிக்கூண்டைக் கழுவு."

"கோழி வாசனை."

"பிக்கப் வண்டிக்கு ஆயில் மாத்து."

"ஆயில் வாசனை."

"எங்கம்மாவுக்கு ஒரு போனாவது பண்ணிப் பேசு."

கொஞ்சம் யோசித்தேன். "உங்கம்மாகிட்ட பேசினா எனக்கு வேர்க்கும். வேர்வை வாசனை."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கற்ற பாடம் இது: நடீன் கத்தினால் பயமில்லை. 'வெண்டல் ஹாக்கெட்' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் கொட்டகைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். 'கண்ணு' என்றால் ஊரைவிட்டே ஓடிவிட வேண்டும்.

"நீ சொல்றது சரிதான் கண்ணு" என்றாள். "செய்யறதை ஒழுங்காச் செய்யணும். பெயின்ட்டை நான் பாத்துக்கறேன். நீ வாசனையைப் பாத்துக்கோ."

நான் ஓடவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சீட்டி அடித்தேன்.

மறுநாள் காலை மேஜையில் வெறும் வெந்நீர் இருந்தது.

"காபி எங்க?"

"வாசனை."

"பன்னிக்கறி, பேக்கன், வறுக்கலையா?"

"புகை துணியில ஏறும். நேத்து நீதான சொன்ன?"

"ஒரு ஆம்லெட்? வெங்காயம் போட்டு?"

"மூச்சுல வரும்."

"சாயங்காலம் பீராவது..."

"தோல்ல வரும்."

தட்டில் வேகவைத்த டர்னிப் கிழங்கு மட்டும் இருந்தது. உப்பு இல்லை. கேட்டேன்.

"உப்பு தின்னா தாகம் எடுக்கும். தண்ணி குடிப்ப. குடிச்சா வேர்க்கும்" என்றாள். என் தர்க்கத்தை என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெயின்ட் வேலை தொடங்கியதும் வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. பின்வாசலைத் திறந்தாலே பெயின்ட் நெடி மூக்கைத் துளைத்தது. சமையலறை ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தாள். "நீ கொட்டகையில படுத்துக்கோ கண்ணு. உன் உழைப்பு வீணாகக் கூடாது" என்றாள். எனக்காகத் தனியாளாகச் சுவரெல்லாம் பெயின்ட் அடிக்கிறாளே என்று நினைத்தபோது கண் கலங்கியது. ஆனால் கண்ணீருக்கும் வாசனை இருக்கலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

கொட்டகையில் பைன் கிளைகளைப் பரப்பிப் படுத்தேன். வேட்டைத் துணியை மண்ணும் பைன் இலையும் போட்ட பெட்டியில் பூட்டினேன். வாசனையில்லாத சோப்பில் குளித்தேன். சோடா மாவால் பல் தேய்த்தேன், தலை தேய்த்தேன், தேய்க்கக்கூடிய எல்லாவற்றையும் தேய்த்தேன்.

இரண்டாவது வாரம் எங்கள் நாய் ஜாஸ்பர் என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் கையால் சோறு போட்டு வளர்த்த நாய். முற்றத்தைத் தாண்டவிடாமல் துரத்தியது. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நான் ஆனந்தக் கூத்தாடினேன். சொந்த நாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வாசனை போய்விட்டது! இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்லோ நின்று சிரித்தான். கையில் பேக்கன் சாண்ட்விச்.

"அது எங்க வீட்டு பேக்கன்தானே?"

"நடீன்தான் கூப்பிட்டுக் குடுத்தா. தின்ன ஆளில்லாம வீணாப் போகுதாம்." மென்றுகொண்டே கேட்டான்: "ஏம்பா, காத்துக்கு எதிர்ப்பக்கமாப் பாத்து உக்காந்தாப் போதாதா? இதெல்லாம் எதுக்கு?"

"வாசனை இருக்கறவன்தான் காத்தைப் பாக்கணும் ஆர்லோ. எனக்கு எதுக்குக் காத்து?"

ஆர்லோ மெல்லுவதை நிறுத்தினான். பிறகு இன்னொரு கடி கடித்துக்கொண்டு போய்விட்டான்.

நடீன் டர்னிப் கொண்டுவரும்போதெல்லாம் அக்கறையாக விசாரிப்பாள்.

"எந்த இடத்துல உக்காரப் போற?"

"தொப்பிப் பாறை மேல. கீழ பூரா புல்வெளி தெரியும். எல்க் ராத்திரி அங்க மேயும். விடிஞ்சதும் காட்டுக்குள்ள படுக்க மேல ஏறும். நேரா என்கிட்டதான் வரணும்."

"அந்த நேரத்துல காத்து எப்படி இருக்கும்?"

"குளிர் காத்து மேலேர்ந்து கீழ இறங்கும். வெயில் ஏறின பிறகுதான் திரும்பும். அதைப் பத்தி நமக்கென்ன?"

"நமக்கென்ன" என்றாள் நடீன். "அந்தப் பாறையிலேயேதான் இருப்ப? வேற எங்கயும் போயிட மாட்டியே?"

"அசைய மாட்டேன்."

"நல்லது கண்ணு."

வேட்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தானும் ஒரு எல்க் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னாள். சும்மா துணைக்குத்தானாம். பண்ணை வீட்டில் பிறந்தவள். துப்பாக்கி அவளுக்குப் புதிதில்லை. ஆனால் என்னைக் கட்டிக்கொண்டு வந்தபின் தொட்டதில்லை. நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

"உன்மேல பெயின்ட், பேக்கன், வெங்காயம் எல்லாம் வீசுது நடீன். என் பக்கத்துல வந்துடாத. புல்வெளிக்குக் கீழ ஒரு மரம் விழுந்து கிடக்கு. அங்க உக்காரு."

"நீ சொன்னா சரி. எனக்கு அங்க வசதிதான்."

வேட்டையன்று விடியற்காலை இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வேட்டைக்காரனை வேட்டைக்காரன் சுட்டுவிடக் கூடாது என்று கண்ணைப் பறிக்கும் நிறம் போடச் சொல்கிறது சட்டம். ஆரஞ்சும் போடலாம், இளஞ்சிவப்பும் போடலாம். ஆனாலும் மலையில் அதைப் போட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. ஒரு கையில் அவள் அப்பாவின் பழைய ரைஃபிள். இன்னொரு கையில் பிளாஸ்க் நிறையக் காபி. பையில் பேக்கன் சாண்ட்விச். கல்யாண ஊர்வலம்போல மணந்துகொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் வாசனையில்லாமல் மேலே ஏறினேன். செங்குத்தான ஏற்றம். டர்னிப் தின்ற காலில் பலமே இல்லை. பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

வெளிச்சம் வந்தது. கீழே புல்வெளியில் எல்க் கூட்டம். நடுவில் ஒரு கொம்பன். கொம்பு என்றா சொன்னேன்? இலை உதிர்ந்த ஒரு மரத்தையே தலையில் தூக்கி வைத்திருந்தது. குண்டு போகும் தூரத்துக்கு இன்னும் வரவில்லை. வரட்டும். குளிர்காற்று என் பிடரியைத் தொட்டுவிட்டுக் கீழே அவற்றின் பக்கம் இறங்கியது. இறங்கட்டும். அதில்தான் ஒன்றும் இல்லையே!

கொம்பன் தலையைத் தூக்கியது. ஒரு மைல் பரப்பில் இருந்த அத்தனை பாறைகளையும் விட்டுவிட்டு என் பாறையை மட்டும் பார்த்தது. மூக்கை உயர்த்தியது. யாரோ செருப்போடு பூஜையறைக்குள் வந்துவிட்டதுபோல ஒரு முகம். அடுத்த நொடி கூட்டம் முழுக்கத் திரும்பிக் கீழே பாய்ந்தது.

பிறகு ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்றுதான்.

நான் இறங்கிப் போனபோது நடீன் மரத்தில் உட்கார்ந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே புல்லில் கொம்பன் கிடந்தது.

"எப்படி நடீன்? உன்மேல அடுப்பங்கரையே வீசுதே!"

"காத்து மேலேர்ந்து கீழ வருது வெண்டல். என் வாசனை எனக்குப் பின்னால, கீழ நிக்கற நம்ம வண்டிகிட்ட போகுது. உன் வாசனைதான் மான்கிட்ட போச்சு."

"எனக்குத்தான் வாசனையே கிடையாதே!"

நடீன் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அதே சாய்வு. ஆர்லோவிடம் கற்றுக்கொண்டாளோ என்னவோ.

"மனுஷன்னா மனுஷ வாசனை இருக்கும் கண்ணு. என்ன தேய்ச்சாலும் போகாது. அதுவும் இத்தனை நாள் டர்னிப்பா தின்னுட்டு மலையேறின மனுஷன்னா கேக்கவே வேண்டாம்."

"அப்போ ஜாஸ்பர் என்னைப் பாத்து ஏன் குரைச்சது?"

"உன் வாசனையோட சோடா மாவு, மக்கின பைன் இலை எல்லாம் சேர்ந்துக்கிச்சு. சகிக்கல. குரைச்சான்."

எனக்கு மெதுவாக எல்லாம் விளங்க ஆரம்பித்தது. "நான் எங்க உக்காருவேன், அசைவேனான்னெல்லாம் கேட்டியே..."

"பின்ன? மேல ஒரு ஆள் இருந்து விரட்டினாத்தான கீழ வரும்? எங்கப்பா எங்க லைல் மாமாவை வருஷா வருஷம் மேல உக்கார வைப்பாரு. மாமாவும் கடைசி வரைக்கும் தான்தான் பெரிய வேட்டைக்காரன்னு நினைச்சுக்கிட்டிருந்தாரு."

எங்கள் மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. சுட்டவர் சுமப்பதில்லை. தொடை ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கனம். அன்று முழுக்க விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி முதுகில் சுமந்தேன். நடீன் கொம்பை மட்டும், அதுவும் கொஞ்ச தூரம், ஆசைக்காகத் தூக்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காபி கிடைக்கும் என்ற நப்பாசையில் சமையலறைக்குள் நுழைந்தேன். சுவரெல்லாம் பழைய அழுக்குப் பச்சையாகவே இருந்தது. பின்வாசல் நிலை மட்டும் மஞ்சள். அதன் பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூல்மேல் மூடி திறந்த பெயின்ட் டப்பா.

"நடீன்! பெயின்ட்டைப் பாத்துக்கறேன்னு சொன்னியே!"

"தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூடியைத் திறந்து திறந்து பாத்தேன்."

"எதுக்கு?"

"நீ கொட்டகையில படுத்தாக் குறட்டை இங்க கேக்காது. ஒரு மாசம் நல்லாத் தூங்கினேன். தூங்கினாத்தான் கை நடுங்காமச் சுட முடியும்." பிரஷ்ஷை நீட்டினாள். "இந்தா."

"வேட்டை இன்னும் முடியல. என் சீட்டு அப்படியே இருக்கு. வாசனை..."

"ஃப்ரீசர் நிரம்பிடுச்சு. நீ இன்னொண்ணு சுட்டா எங்க வைப்ப? கொட்டகையிலயா?"

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே ஒரு சுவரை முடித்துவிட்டேன்.

ஆர்லோவுக்கு அந்த வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை பாடு? பெயின்ட் கையோடு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனேன். தலையைச் சாய்க்கப் போகும் நேரம் அவன் முந்திக்கொண்டான்.

"நடீன் சுட்டதாமே?" என்று தன் தலையைச் சாய்த்தான். "பரவாயில்ல வெண்டல். உனக்கும் கொஞ்சம் குடுத்தா இல்ல?"

திரும்பி வந்து ஏணியில் ஏறினேன். கீழே ஜாஸ்பர் என் பெயின்ட் கையை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. நடீன் வாசலில் சாய்ந்து நின்று, சாசேஜ் மென்றுகொண்டே, என் வேலையை மேற்பார்வை பார்த்தாள்.

"அடுத்த வருஷம் ஒரு வாரம் குளிக்காம வா கண்ணு" என்றாள். "மான் வண்டி வரைக்கும் ஓடி வந்துடும். நீ சுமக்கறது மிச்சம்."