பேராசிரியைக்கு அனுப்பிய நல்ல சரக்கு

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை.

என்றும் மரியாதைக்குரிய தமிழ்மணி மச்சானுக்கு, பச்சமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நம் பீங்கான் சூளையின் அனலைத் தவிர எனக்கும் உங்கள் தங்கை அம்புஜவல்லிக்கும் ஒரு குறையுமில்லை. சேத்தியாத்தோப்பில் நீங்களும் அக்காவும் நலமென நம்புகிறேன்.

உங்கள் மருமகள் வேல்விழி டாக்டர் பட்டம் வாங்கியும் வீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பல்கலைக்கழகங்களுக்கு ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்ததுதானே. படித்து முடித்தவர்களுக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய மாதாமாதம் பணம் தருவார்களாம். “நேரா கடையில போயி நில்லும்மா, ஈமெயில பாத்து எவன் சரக்கெடுப்பான்” என்றேன். “அப்பா, நீங்க செத்த சும்மா இருங்க” என்றாள். இருந்திருக்கலாம்.

கடைசியில் பெங்களூர்ப் பேராசிரியை மோகனப்பிரியா என்பவர் இவள் ஆராய்ச்சி செய்த பீங்கான் துண்டுகளைக் கேட்டிருக்கிறார். இவள் சிதம்பரம் போயிருந்த நேரம், பெட்டியைக் கூரியரில் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது, திறந்து பார்த்தால் அத்தனை துண்டிலும் விரிசல் மச்சான், விரிசல் பீஸை முன்னால் வைத்து ஆர்டர் பிடித்தவன் நம் ஊரில் உண்டா, அதனால் அவற்றைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, குடோனிலிருந்து முதல்தரத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் பார்த்து, அவள் ஒட்டிய சீட்டையெல்லாம் பிரித்து இதில் ஒட்டி, வைக்கோல் வைத்து அனுப்பிவிட்டேன்.

வீடியோவில் இன்டர்வியூ. அந்த அம்மா ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, “பீங்கான்ல விரிசல் ஏன் விழுதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. இதுல ஒண்ணுலகூட விரிசல் இல்லியே?” என்றார். வேல்விழி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குள் உண்மையான துண்டுகள் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

குப்பைமேட்டைக் குடும்பமாகக் கிளறினோம். “குடோன் முழுக்க ஒடைசல வெச்சிக்கினு, எம் பொண்ணோட ஒடைசலுதான் ஒங்க கண்ணுல பட்டுச்சா” என்று உங்கள் தங்கை கிளறி முடிக்கும்வரை ஓயவில்லை. எனக்கு எல்லாம் ஒரே ஓடு. வேல்விழியோ விரிசலைப் பார்த்தே பெற்ற பிள்ளை மாதிரி அடையாளம் சொன்னாள்.

அப்பாவும் மகளுமாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். வேப்பூர் தாண்டி ஒரு குலுக்கல், நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “உள்ள இன்னாங்க, நகையா?” என்றார் கண்டக்டர். “ஒடைஞ்ச ஓடுங்க” என்றேன். அதன் பிறகு அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

பேராசிரியை லென்ஸ் வைத்துப் பார்த்து, “அருமையான விரிசல்” என்றார். நம் தொழிலில் இப்படி ஒரு பேச்சு உண்டா மச்சான்? வாய் சும்மா இருக்குமா, “இதவிட மோசமாவே எங்ககிட்ட இருக்குதுங்க” என்றேன். வேல்விழி என் காலை மிதித்தாள். ஆனால் இடம் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் சேருகிறாள். சூளை ஆட்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தேன், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இனி அவள் வேலையில் தலையிடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். மீறினால் கொளஞ்சியப்பர் கோயிலில் என்மேலேயே சாமியிடம் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிடுவாளாம் உங்கள் தங்கை. நீங்கள் நிம்மதியாக இருங்கள், வர வேண்டிய அவசரம் எதுவுமில்லை. அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

அன்புள்ள,
பச்சமுத்து

பின்குறிப்பு: பேரம் முடிந்தால் வாங்கும் பார்ட்டிக்கு ஒரு பீஸ் மரியாதை செய்வது நம் வழக்கமல்லவா. பேராசிரியை வீட்டுக்கு முதல்தர வெஸ்டர்ன் டாய்லெட் குளோசெட் ஒன்று, வேல்விழியின் அன்பளிப்பு என்று எழுதி, காலையிலேயே லாரியில் ஏற்றிவிட்டேன். இந்நேரம் ஓசூர் தாண்டியிருக்கும், டிரைவர் போனை எடுக்கவில்லை. கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வாருங்கள். வேல்விழியிடம் யாராவது சொல்ல வேண்டும்.