சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடித் துண்டு

கிளமெண்டி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் சுந்தரேசன் அவர்களுக்கு,

தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை தங்கமும் மகள் கவிப்ரியாவும் சுகம். ஃபேரர் பார்க்கில் உங்கள் சுகமும் வீட்டில் அக்காவின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். நேற்று நான் கொண்டுவந்து கொடுத்த தீபாவளி முறுக்கு மொறுமொறுவென்று இருந்திருக்கும். பிஸ்கட் டின்னை மெதுவாகத் திருப்பித் தரலாம், அவசரமே இல்லை.

சுகம் விசாரித்தாயிற்று, இனி என் கவலைக்கு வருகிறேன். நேற்று நேரில் சொல்லலாமென்றால் அக்கா பக்கத்திலேயே இருந்தார்கள், போனில் பேசினால் பக்கத்து அறையில் கவிக்குக் கேட்கும், வாட்ஸ்அப்பில் போட்டால் தங்கம் படித்துவிடுவாள், அதனால் உங்கள் பக்கம் வேலைக்கு வரும் அடுத்த வீட்டு இர்ஃபானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவியின் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். குறைக்கடத்தித் தூளைப் பாலிமரில் கலந்து கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பூசுகிறாள், வெயிலிலிருந்து கரண்ட் எடுக்க. அந்தப் படலம் எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று ஒரு கருவி கோடு போட்டுக் காட்டும். தூசி பட்டாலும் கோடு மாறிவிடுமாம். சரஸ்வதி பூஜையன்று மேசையில் அப்படி ஒரு துண்டு இருந்தது. புத்தகத்துக்குப் பொட்டு வைத்தேன், லேப்டாப்புக்கு வைத்தேன், நாளைக்குப் பிள்ளைக்குச் சோறு போடப்போகும் துண்டை மட்டும் விட மனம் வருமா? சந்தனம் குழைத்து நட்ட நடுவில் வைத்தேன், மேலே குங்குமம். மறுநாள் துண்டைக் காணோம். பொட்டோடு லேபுக்கு எடுத்துப் போய்விட்டாள் போலிருக்கிறது.

இப்போது அந்தக் கோட்டில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு மேடு எழும்பியிருக்கிறது. "புது பீக் வந்திருக்கும்மா, எங்கேருந்து வருதுன்னு ப்ரொஃபசருக்கே தெரியல" என்று தங்கத்தைக் கட்டிக்கொள்கிறாள். எனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அதே துண்டுகளை மறுபடி அளந்து காட்ட வேண்டுமாம். சபையில் ஒருத்தர் எழுந்து இது சந்தனம் என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் இத்தனை வருஷப் படிப்பு என்ன ஆவது? எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்கிறாள் தங்கம். வாயுத் தொல்லை என்று சொல்லி, அந்தப் பொய்க்காக இஞ்சிக் கசாயம் வேறு குடித்துக்கொண்டிருக்கிறேன். தாய்மாமன் சொன்னால் கவி கேட்பாள். வியாழக்கிழமைக்குள் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த நேரம் நான் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரையும் முருகன்தான் காப்பாற்ற வேண்டும், என்னை முதலில்.

உங்கள் மைத்துனன்,
தனசேகரன்

பி.கு.: கவியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டும் முன் மனசு கேட்காமல் நானே உளறிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அது கெட்டுப்போன துண்டுப்பா. பொட்டு வைக்காம விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களுக்குன்னு மேசையில வச்சேன். நல்லதெல்லாம் அலமாரி மேல பிஸ்கட் டின்ல, காகிதத்துக்கு அடியில பத்திரமா இருக்கு." அலமாரி மேல் பார்த்தேன், டின் இல்லை. கவி இன்னும் பார்க்கவில்லை. மைத்துனரே, முறுக்கை எடுத்துக்கொண்டு, அடிக்காகிதத்தைத் தொடாமல் டின்னை இர்ஃபானிடம் உடனே கொடுத்துவிடுங்கள். வெறும் டின்னைத் திருப்பித் தரக்கூடாது என்று அக்கா எப்போதும் போலக் கழுவி, சீனி போட்டு வைத்துவிடப் போகிறார்கள்.