மாப்பிள்ளை அனுப்பிய கோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

டூரின், ஜனவரி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை தவீதே அவர்களுக்கு, மாமனார் ஒத்தாவியோ எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. மிலானில் நீங்களும் என் மகள் ஓர்னெல்லாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, குறையைத் தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய குளிர்காலக் கோட்டைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும். கோட்டில் பழுதில்லை. வெளியே பூனைக்குட்டி போல மெத்தென்ற கம்பளி, உள்ளே வாத்தின் மெல்லிறகு அடைப்பு. பனி கொட்டும் தெருவிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற என்னைக் காப்பிக்கடை அம்மாள் 'ஐயா' என்று கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மாடிவீட்டுச் செவெரீனோவைத்தான். சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றினேன் என்று பல வருஷமாக என்னோடு பேசாத மனுஷன், படியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னய்யா, முழு வாத்தையும் முழுங்கிட்டு வந்தாப்ல இருக்கே?"

"மாப்பிள்ளை அனுப்பிச்சது. வயித்தெரிச்சலா இருந்தா நீயும் போட்டுப் பாரு."

சும்மாதான் சொன்னேன். உள்ளே வந்தார், போட்டுக்கொண்டார், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டார். மறுநாளும் வந்து, "கை நீளம் சரியா இருக்கான்னு இன்னொரு வாட்டி பாக்கணும்" என்றார். அதற்கடுத்த நாளும் கை நீளம் பார்த்தார். ஏதோ விலைபேச வந்தவர் போலத் தோள்பட்டையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், பிறகு குறட்டை. எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் தூங்கும்போது மாடிக்கு ஏறினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஹீட்டர் செத்துக் கிடந்தது. ஜன்னலின் உள்பக்கமெல்லாம் பனி. கட்டிலில் போர்வைக்கு மேல் தரைவிரிப்பு, அதற்கும் மேல் செய்தித்தாள்கள். இறங்கி வந்து கத்தினேன்.

"ஏய்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நாமதான் பேசுறதில்லையே" என்றார், முகத்தைக் கழுத்துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டு.

அன்று முதல் என் வீட்டில்தான் இருக்கிறார். என் பொலெண்டா களியில் உப்பில்லையாம். ஆனால் சட்டியை வழித்துவிடுகிறார். வெண்ணெய் தங்குவதில்லை. குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது. கோட்டைக் கழற்றச் சொன்னால் காது கேட்பதில்லை. எல்லாம் இந்தக் கோட்டால் வந்த வினை. ஆகவே உடனே ஆளனுப்பி எடுத்துக்கொண்டு போகவும்.

ஓர்னெல்லாவுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் என்றும் வெந்நீர் வரட்டும், இரவுகள் அமைதியாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
ஒத்தாவியோ

பி.கு.: இதை உறையிலிடும் முன் ஆள் வந்து மாடி ஹீட்டரைச் சரிசெய்துவிட்டான். செவெரீனோ கோட்டை மடித்து நாற்காலியில் வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும். சற்று நேரம் தாங்கிப் பார்த்தேன். பிறகு தலையணையும் கோட்டுமாக மாடியேறி, "என் ஹீட்டரும் போச்சுய்யா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றார்.

ஆகவே கோட்டை எடுக்க யாரும் வர வேண்டாம். நீங்கள் இருவரும் வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் கதவைத் தட்டாதீர்கள். நேரே மாடிக்கு வந்துவிடுங்கள், சூப்பு வைத்திருப்போம்.